நீலம் மேலே

"நமக்கு இப்போ யாரோட சண்டை?" என்று கேட்டார் அந்தப் பாட்டி. ஏணியின் மேல்படியில் நின்ற பையனுக்குக் கேள்வி விளங்கவில்லை. கையில் பசைநாடாவோடு திரும்பிப் பார்த்தான். மேடையின் பின்சுவரில் அவன் தொங்கவிட்டிருந்த கொடியைப் பாட்டி கைத்தடியால் சுட்டினார். "சிவப்பு இடப்பக்கம் வந்திருக்கு பார். இப்படிக் கட்டினா நாடு போர்ல இருக்குன்னு அர்த்தம்."

வேறெந்த நாட்டுக் கொடியிலும் நான் கண்டிராத வழக்கம் அது. பிலிப்பைன்ஸ் கொடியில் நீலமும் சிவப்பும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். கம்பத்தை ஒட்டி ஒரு வெள்ளை முக்கோணம். அதற்குள் எட்டுக் கதிர்களோடு சூரியன், மூன்று மூலைகளில் மூன்று நட்சத்திரங்கள். அமைதிக் காலத்தில் நீலம் மேலே. போர் வந்தால் அதே துணியைத் தலைகீழாக்கிச் சிவப்பை மேலே ஏற்றுவார்கள். நெடுக்காகத் தொங்கவிடும்போது நீலம் பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் வர வேண்டும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த அந்தப் பையனுக்கு இதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவன் கொடியை அவிழ்த்துத் திருப்பிக் கட்டி முடிக்கும்வரை பாட்டி நாற்காலியில் உட்காரவில்லை.

ஜெர்சி சிட்டியில் ஒரு தேவாலயத்தின் அடித்தள மண்டபம். ஜூன் 12ஐ ஒட்டி வந்த சனிக்கிழமை மாலை. இந்த ஊரில் மணிலா அவென்யூ என்றே ஒரு தெரு உண்டு. பிலிப்பினோ குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. விடுதலை நாளைக் கொண்டாடவும், சமார் தீவின் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து செவிலியர் படிப்புக்குச் செல்லும் மாணவிகளுக்குப் பணம் திரட்டவும் ஒரு விருந்து. என்னை அழைத்தவர் என்னோடு இரவுப் பணியில் இருக்கும் மூத்த செவிலியர். நாகர்கோவிலில் படித்து, வளைகுடாவில் ஆறு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்த எனக்கு, இந்த மருத்துவமனையின் மருந்துப் பெட்டி எப்படித் திறக்கும் என்பதிலிருந்து எந்த மருத்துவரை எந்த நேரத்தில் எழுப்பலாம் என்பதுவரை சொல்லிக் கொடுத்தவர். அவரை எல்லோரும் 'ஆத்தே' என்றுதான் கூப்பிடுவார்கள். தகாலோக் மொழியில் அக்கா என்று பொருள். சீனத்து ஹொக்கியன் பேச்சிலிருந்து அங்கே போன சொல். முதல் நாள் அது என் காதில் ஆத்தா என்றே விழுந்தது. பிறகு மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

இன்னொரு சொல்லுக்குக் காது பழக வெகுநாள் பிடித்தது. பெரியவர்களிடம் பேசும்போது அவர்கள் வாக்கியத்தின் நடுவில் 'போ' என்று ஒரு அசை சேர்ப்பார்கள். நம்முடைய 'ங்க' செய்யும் வேலையை அது செய்கிறது. 'ஆமாம்' என்பதை 'ஓப்போ' என்பார்கள், மரியாதையாக. தமிழ்க் காதுக்கோ அது விரட்டுகிற சொல். ஒரே ஒலி ஓர் ஊரில் வெளியே தள்ளுகிறது, இன்னோர் ஊரில் தலைவணங்குகிறது. அன்று மாலை முழுவதும் அந்தப் பாட்டியைச் சுற்றி 'போ, போ' என்று ஒலித்துக்கொண்டே இருந்தது. எல்லோருக்கும் அவர் லோலா, அதாவது பாட்டி. 1969இல் செவிலியராக வந்து, முப்பத்தைந்து வருடம் இந்த ஊர் மருத்துவமனைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்.

விருந்து நாட்டுப்பண்ணோடு தொடங்கியது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1898 ஜூன் 12 அன்று கவித்தே மாகாணத்தின் காவிட் ஊரில், புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோவின் வீட்டில் ஸ்பெயினிடமிருந்து விடுதலை அறிவிக்கப்பட்டபோது இந்த மெட்டு முதன்முதலாகப் பொதுவில் வாசிக்கப்பட்டது. மெட்டு மட்டும்தான், சொற்கள் கிடையாது. ஹூலியன் ஃபெலிப்பே என்ற இசைக்கலைஞர் சில நாட்களுக்குள் அமைத்துத் தந்த அணிவகுப்பு இசை அது. அடுத்த ஆண்டில்தான் ஹொசே பால்மா என்ற இளைஞர் ஸ்பானிய மொழியில் ஒரு கவிதை எழுத, அது மெட்டுக்குள் வந்து அமர்ந்தது. பிறகு அமெரிக்க ஆட்சியில் ஆங்கிலத்தில் பாடினார்கள். இன்று சொந்த மொழியில் பாடும் வரிகளுக்கு 1956வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு நாட்டுக்குப் பாட்டு கிடைத்துவிட்டது, சொந்தச் சொல் நிலைக்கக் கிட்டத்தட்ட அறுபது வருடமானது. மண்டபத்தில் சிலர் வலக்கையை நெஞ்சில் வைத்து முழுதும் பாடினார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகள் பலர் வாயை மட்டும் அசைத்தார்கள், சிலர் மெட்டை முணுமுணுத்தார்கள். லோலாவுக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. "முதல் நாளும் இப்படித்தானே, வெறும் மெட்டு" என்றார் என்னிடம்.

அன்று காவிட்டில் ஏற்றிய கொடி ஹாங்காங்கில் தைத்தது. மார்செலா அகொன்சில்லோ, அவருடைய சிறுமகள் லொரென்சா, ஹொசே ரிசாலின் உடன்பிறந்தாள் மகளான டெல்ஃபினா ஹெர்போசா ஆகிய மூவரும் சேர்ந்து கையாலும் தையல் இயந்திரத்தாலும் ஐந்து நாளில் முடித்தார்கள். ஸ்பானிய ஆட்சி ரிசாலைச் சுட்டுக்கொன்று அப்போது ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நாடுகடந்த இடத்தில் ஒரு வாடகை வீட்டில் மூன்று பெண்கள் குனிந்து தைத்த துணி அது. அதனால்தானோ என்னவோ, அந்தக் கொடியை வெளிநாட்டு மண்டபங்களில் பார்க்கும்போது அது ஊரைவிட்டு வந்த பொருளாக எனக்குத் தோன்றுவதில்லை. அது பிறந்ததே வெளியூரில்.

ஆனால் ஜூன் 12 என்ற நாள் இருக்கிறதே, அதை அவர்கள் இரண்டு முறை சம்பாதிக்க வேண்டியிருந்தது. அம்ப்ரோசியோ ரியான்சாரெஸ் பவுதிஸ்தா எழுதி வாசித்த அந்த அறிவிப்பிலேயே, வட அமெரிக்க நாட்டின் வல்லமையும் கருணையும் வாய்ந்த பாதுகாப்பின்கீழ் விடுதலை அறிவிப்பதாக ஒரு வாசகம் இருந்தது. கால்கள் செயலிழந்த நிலையிலும் அந்தப் புரட்சிக்கு மூளையாக இருந்த அப்போலினாரியோ மபினிக்கு அது உறுத்தியது. தன் விடுதலையைச் சொல்லும் தாளில் இன்னொருவரின் கருணை எதற்கு? ஊர்த் தலைவர்களின் ஒப்புதல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தி, ஆகஸ்டு 1 அன்று பகோர் ஊரில் மீண்டும் ஒருமுறை உறுதிசெய்தார்கள். கருணை எப்படிப்பட்டது என்று தெரிய வெகுகாலம் ஆகவில்லை. அந்த டிசம்பர் 10இல் பாரிஸ் உடன்படிக்கையில் ஸ்பெயின் 2 கோடி டாலருக்குத் தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. பதினோரு நாள் கழித்து, குடியரசுத் தலைவர் மக்கின்லி தம் ஆட்சியை அன்போடு அரவணைத்துக்கொள்ளும் செயல் என்று பெயரிட்டு அறிவித்தார். 1899 பிப்ரவரியில் போர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோ போராளிகள் இறந்தார்கள். வன்முறை, பஞ்சம், நோய் ஆகியவற்றால் இறந்த பொதுமக்கள் இரண்டு லட்சம்வரை இருக்கலாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்றுப் பிரிவே எழுதியிருக்கிறது. 1907இலிருந்து 1919வரை இந்தக் கொடியைப் பொதுவில் காட்டுவதே குற்றம்.

விடுதலை கடைசியில் 1946 ஜூலை 4 அன்று வந்தது. அமெரிக்காவின் விடுதலை நாளையே பார்த்து அதற்கும் நாள் குறித்திருந்தார்கள். மணிலாவின் லுனேத்தா திடலில் ஒரு கொடி இறங்க, மற்றது ஏறியது. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். ஆனால் கொடையின் ஓரத்தில் பல முடிச்சுகள் இருந்தன. அமெரிக்கக் குடிமக்களுக்கு அந்த நாட்டின் காடுகள், கனிமங்கள், நிலங்கள்மேல் சொந்த மக்களுக்கு நிகரான உரிமை தர வேண்டும். அதற்காக அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளும்வரை, இரண்டாம் உலகப் போரில் இடிந்த வீட்டுக்கும் கடைக்கும் 500 டாலருக்கு மேல் இழப்பீடு கிடையாது. மணிலா நகரமே இடிபாடாகக் கிடந்த நேரத்தில் வைத்த நிபந்தனை இது. அடுத்த ஆண்டு படைத்தளங்களுக்கு 99 வருட ஒப்பந்தம்.

1962 மே மாதம், போர் இழப்பீட்டுக்கென எஞ்சியிருந்த 7.3 கோடி டாலர் மசோதாவை அமெரிக்கக் கீழவை தள்ளிவிட்டது. மூன்று நாள் கழித்து, மே 12 அன்று, பிலிப்பைன்ஸ் குடியரசுத் தலைவர் டியோஸ்தாதோ மகபகல் ஒரு பிரகடனம் வெளியிட்டார்: இனி விடுதலை நாள் ஜூன் 12. கொடுத்த நாளை விட்டுவிட்டு, தாங்களே அறிவித்த நாளுக்குத் திரும்பினார்கள். அந்த அறிவிப்பு அன்று நிலைக்கவில்லை, எந்த வல்லரசும் ஏற்கவில்லை, சில மாதங்களில் நாடு விற்கப்பட்டது என்பதெல்லாம் உண்மை. இருந்தும் அதுதான் எங்கள் நாள் என்றார்கள். அந்த ஆண்டு விழாவில் 93 வயது அகினால்டோ உட்கார்ந்திருந்தார். அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தன் நாள் திரும்பி வந்ததைப் பார்த்த அந்தக் கிழவரின் முகத்தை நான் அடிக்கடி கற்பனை செய்துகொள்கிறேன்.

இந்த வரலாற்றை அன்று மாலை மேடையில் ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். எனக்கு அதன் கனம் தெரிந்தது சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

சாப்பாட்டை வேகமாகக் கடந்துபோக முடியாது. சுவரோரம் நீள மேசைகளில் அலுமினியத் தட்டுகள். ஆயுள் நீள வேண்டும் என்று பிறந்தநாள்களில் பரிமாறும் பன்சித் நூடுல்ஸ், விரல் கனத்தில் லும்பியா, நிலக்கடலைச் சாற்றில் வெந்த மாட்டுவால் கரே-கரே, கத்தரிக்காயும் பாகற்காயும் சேர்த்த பினாக்பெத், ஊதா நிற ஊபே இனிப்பு. நடுவில் முழுப் பன்றியாக லெச்சோன். அதன் மொறுமொறு தோலுக்காகக் குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். வெள்ளையாக, சின்னச் சின்ன வட்டங்களாக ஆவியில் வெந்த அரிசிப் பண்டம் ஒன்றின் பெயர் புத்தோ. நம் புட்டுதான் மலாய் வழியாக அங்கே போனது என்பவர்கள் உண்டு. மாம்பழத்துக்கு அவர்கள் சொல்லும் 'மங்கா' நம் மாங்காய் என்பதில் சந்தேகமில்லை. பாகற்காய்க் கசப்பைச் சாப்பிட்டபடி ஆத்தேயிடம் இதைச் சொன்னபோது, "உங்க ஊர்க்காரங்க வேற எதைக் கொண்டு வந்தாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கான விடை அப்போது எனக்குத் தெரியாது. பிறகு படித்தேன். 1762இல் பிரிட்டிஷார் மணிலாவைப் பிடிக்கப் புறப்பட்ட கப்பல்கள் சென்னையிலிருந்துதான் போயின. படைத்தலைவர் வில்லியம் டிரேப்பர். அந்தப் படையில் நூற்றுக்கணக்கான சென்னைச் சிப்பாய்கள் இருந்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் நகரம் வீழ்ந்தது, சூறையாடினார்கள். 1764இல் பிரிட்டிஷார் திரும்பிப் போனபோது சிப்பாய்களில் சிலர் போகவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைன்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே பெண்ணெடுத்து, அந்த மக்களோடு கலந்துவிட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருப்பதாகச் சொல்வார்கள். எங்கள் கரையிலிருந்து போனவர்கள் கொண்டுபோனது துப்பாக்கி. கொள்ளையடிக்க வந்த கூட்டத்தில் கூலிக்கு வந்த மனிதனுக்கு அந்த ஊர் ஒரு வீடும் ஒரு பெயரும் கொடுத்து வைத்துக்கொண்டது. இதை அடுத்த வாரம் ஆத்தேயிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ கைன்தா பக்கம் என் பெரியம்மா வீடு இருக்கே" என்று மட்டும் சொன்னார்.

தட்டுகள் எடுத்த பிறகு பிள்ளைகள் தினிக்லிங் ஆடினார்கள். இரண்டு மூங்கில் கழிகளைத் தரையில் தட்டித் தட்டிச் சேர்க்க, இடையில் பாதம் சிக்காமல் துள்ளும் ஆட்டம். லெய்த்தே தீவில் வயல் பொறிகளுக்குத் தப்பி நடக்கும் ஒரு பறவையின் நடையை ஒட்டியது என்பார்கள். ஒரு சிறுமியின் கணுக்கால் ஒருமுறை சிக்கியது. அழவில்லை. அடுத்த தட்டுக்குள் மறுபடி நுழைந்துவிட்டாள்.

பிறகு பணம். மேசைக்கு மேசை உறைகள் வந்தன. மாணவிகளின் படத்தைத் திரையில் காட்டலாம் என்று யாரோ முன்பே சொன்னதாகவும் லோலா மறுத்துவிட்டதாகவும் ஆத்தே என் காதில் சொன்னார். திரையில் தெரிந்தது கடற்கரையும் தென்னையும் ஒரு பள்ளிக் கட்டடமும் மட்டுமே. 2013 நவம்பர் 8இல் யோலாண்டா புயல் முதலில் கரையேறிய தீவு சமார். ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்ற புயல் அது. அந்தக் கட்டடத்தின் கூரை அதற்குப் பிறகு போட்டது. அந்தக் கூரைக்கும் இதே மண்டபத்தில்தான் பணம் திரட்டினார்களாம்.

ஒரு மருத்துவர் எழுந்தார். சமாரில் பிறந்தவர், இங்கே நல்ல நிலையில் இருப்பவர், எல்லோரும் மதிப்பவர். இரண்டு மாணவிகளின் முழுச் செலவையும் தான் ஏற்பதாகச் சொன்னதும் மண்டபம் கைதட்டியது. கைதட்டல் அடங்கியதும் ஒரு வேண்டுகோள் வைத்தார். படித்து முடித்த பெண்கள் மூன்று வருடம் ஊர் நலவாழ்வு நிலையத்தில் வேலை செய்வதாக எழுதித் தர வேண்டும். "என் அம்மா பிரசவத்துக்கு ஆறு மணி நேரம் படகில் போனாங்க. இன்னைக்கும் அங்கே நர்ஸ் பத்தாது. நாம படிக்க வைக்கிற பிள்ளைங்க எல்லாம் நேரா மணிலா, அங்கேருந்து ரியாத், அப்புறம் இங்கே. ஊருக்கு என்ன மிஞ்சுது?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியாது. அந்த மண்டபத்தில் இருந்த பாதிப்பேர் அந்த வழியாகத்தான் வந்திருந்தோம். பிலிப்பைன்ஸில் செவிலியர் பள்ளிகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தது அமெரிக்க ஆட்சி. பாடம் ஆங்கிலத்தில், முறை அமெரிக்க முறை. 1948இல் தொடங்கிய பரிமாற்றப் பயிற்சித் திட்டத்தில் ஆயிரக்கணக்கான செவிலியரை இங்கே வரவழைத்தார்கள். 1965 குடியேற்றச் சட்டம் கதவை அகலத் திறந்தது. கேத்தரின் செனிசா சோய் என்ற வரலாற்றாசிரியர் இந்த ஏற்பாடு முழுவதையும் பேரரசின் கதையாகவே ஒரு நூலில் எழுதியிருக்கிறார். 1970களில் மார்கோஸ் அரசு மனிதர்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதையே கொள்கையாக்கியது. இன்று வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பினோக்கள் வங்கி வழியாக ஊருக்கு அனுப்புவது ஆண்டுக்கு 3,300 கோடி டாலருக்கும் மேல். மருத்துவர் கேட்ட கேள்வி இந்த மொத்தத்துக்கும் எதிரான கேள்வி.

லோலா எழுந்திருக்கவில்லை. ஒலிவாங்கியை அவரிடம் கொண்டுபோனார்கள். முதலில் மருத்துவரின் அம்மாவைப் பற்றிக் கேட்டார், பெயர் என்ன, எந்தத் தெரு என்று. பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

1941 ஜூலையில் ரூஸ்வெல்ட் பிலிப்பைன்ஸ் படையை அமெரிக்கப் படையின்கீழ் அழைத்துக்கொண்டார். அவர் அப்பா அந்த அழைப்பில் போனவர். 1942 ஏப்ரலில் பத்தானில் ஜப்பானியரிடம் சரணடைந்து, கைதிகளை நடத்திச் சென்ற அந்த மரண நடையில் நடந்து, பிழைத்தவர். அமெரிக்க வீரருக்குக் கிடைக்கும் சலுகைகள் அவர்களுக்கும் உண்டு என்ற நம்பிக்கையில் போரிட்டவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். 1946 பிப்ரவரியில் ஒரு சட்டத்தின் ஒரு வாசகத்தில் அது ரத்தானது. உங்கள் பணி அமெரிக்கப் பணியாகக் கருதப்படாது என்று எழுதினார்கள். "அப்பா 1998ல போய்ச் சேர்ந்தார். கடைசிவரைக்கும் ஒரு தகரப் பெட்டியில காகிதம் வச்சிருந்தார். எந்தப் படிவம் கேட்டாலும் கொடுப்பார். இன்னும் ஒரு நிபந்தனை இருக்கும்." 2009இல்தான் உயிரோடு மிஞ்சியவர்களுக்கு ஒருமுறைத் தொகை தந்தார்கள், அமெரிக்கக் குடிமக்களுக்கு 15,000 டாலர், மற்றவர்களுக்கு 9,000. 2017இல் தங்கப் பதக்கம்.

"நீ கேட்கிறது நியாயம், மகனே" என்றார் மருத்துவரைப் பார்த்து. "ஊருக்கு நர்ஸ் வேணும். ஆனா பதினேழு வயசுப் பிள்ளைகிட்ட, சாப்பாட்டுத் தட்டை நீட்டிக்கிட்டே கையெழுத்துக் கேக்காதே. நம்மகிட்ட அப்படித்தான் கேட்டாங்க."

யாரும் கைதட்டவில்லை. எனக்கு என் மாமா நினைவுக்கு வந்தார். என் செவிலியர் படிப்புக்கு மூன்று வருடமும் கட்டணம் கட்டியவர். திருப்பிக் கேட்டதேயில்லை. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், நான் காபி டம்ளரோடு கடந்துபோகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் "நான் படிக்க வச்ச பிள்ளை" என்பார். அந்தச் சொல்லுக்காகவே ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்ட வருடங்கள் உண்டு. அவர் நல்லவர். அவர் இல்லாவிட்டால் நான் இல்லை. இரண்டும் உண்மையாக இருப்பதுதான் சுமை. செஞ்சோற்றுக் கடனுக்காகத் தம்பிகளையே எதிர்த்து நின்ற கர்ணனை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சோற்றை இட்டவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. தகாலோக்கில் 'உத்தாங் நா லோஒப்' என்பார்கள், உள்ளத்தின் கடன் என்று பொருள்வரும். அடைத்துத் தீர்க்க முடியாத கடன் அது, தீர்த்துவிட்டால் உறவே போய்விடும் என்று ஆத்தே ஒருமுறை விளக்கியிருந்தார். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்து மொய் விருந்தில் நோட்டுப் போட்டு எழுதிவிடுகிறார்கள். அது ஒருவகையில் நேர்மை. எவ்வளவு என்று தெரியும், திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடியும். எழுதாத கடன்தான் மனிதனைத் தின்கிறது.

லோலா சொன்னது சரி என்றே அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். விடுதலையைக் கொடுப்பவன் தன் கையில் ஒரு கயிற்றை வைத்துக்கொண்டால் அது விடுதலை ஆகாது என்பதை இந்த மக்களைவிட அதிகமாக அறிந்தவர்கள் குறைவு. ஆனால் படகில் ஆறு மணி நேரம் போன அந்த அம்மாவும் என்னைவிட்டு நகரவில்லை. நான் படித்தது குமரி மாவட்டத்தில். என்னோடு படித்த நாற்பது பேரில் ஊரில் இருப்பவர்கள் ஏழோ எட்டோ பேர். நான் இல்லாத வார்டில் எனக்குப் பதில் யார் நிற்கிறார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. மருத்துவர் அதை எண்ணிப் பார்த்திருக்கிறார். அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

2020 வசந்தத்தில் எங்கள் வார்டில் நடந்ததை அங்கே யாரும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. அமெரிக்கச் செவிலியர்களில் பிலிப்பினோக்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் நேஷனல் நர்சஸ் யுனைட்டட் சங்கம் வெளியிட்ட கணக்கில், கொரோனாவில் இறந்த செவிலியர்களில் அவர்கள் பங்கு 31.5 விழுக்காடு. நெருக்கடிப் பிரிவில், நோயாளியின் தலைமாட்டில், இரட்டைப் பணியில் நின்றவர்கள் அவர்கள். மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு சிறிய மேசை. அதில் மெழுகுவத்தி, நான்கு புகைப்படங்கள், அவற்றின் முன்னால் ஒரு தட்டில் பன்சித்தும் ஒரு புத்தோவும். ஆத்தே அந்தத் தட்டை மற்ற எல்லோருக்கும் முன்னால் நிரப்பினார்.

நிபந்தனை பற்றி அன்றிரவு முடிவாகவில்லை. மருத்துவர் ஒரு மாணவிக்கான தொகைக்கு அப்போதே காசோலை எழுதினார், எந்த வரியும் சேர்க்காமல். மற்றதற்குக் குழு கூடிப் பேசட்டும் என்றார். லோலா அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்ளவில்லை. அது இளையவர் பெரியவருக்குச் செய்வது. மருத்துவர்தான் குனிந்து, லோலாவின் புறங்கையைத் தன் நெற்றியில் தொட்டுக்கொண்டார்.

பதினொரு மணிக்கு நாற்காலிகளை மடிக்கத் தொடங்கினார்கள். மீந்த உணவை விட்டுவிட்டு யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது. மூன்று பெண்கள் அலுமினியத் தாளில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் திணித்தார்கள். வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு இரண்டாகக் கிடைத்தது. எனக்கும் இரண்டு.

அந்தப் பையன் மறுபடி ஏணியில் ஏறிக் கொடியை அவிழ்த்தான். "கீழே படாம" என்று நான்கைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. ஆத்தே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். எனக்கு இவர்கள் கொடியைத் தொடும் உரிமை உண்டா என்று தயங்கினேன். "பிடி, பிடி, கை கடுக்குது" என்றார். பிடித்தேன். பதினாறு வருடம் படுக்கை விரிப்புகளை எதிரெதிரே நின்று மடித்த கைகள். யாரும் சொல்லாமலே இருவரும் ஒரே நேரத்தில் இழுத்து, உதறி, நெடுக்காக ஒன்றாக்கி, ஓரத்தோடு ஓரம் சேர்த்தோம். நாங்கள் நெருங்கி வந்தபோது அவர் தன் முனையை என் கையில் தந்துவிட்டு, கீழே தொங்கிய மடிப்பை எடுத்துக்கொண்டார். "நீலம் மேல இருக்கட்டும்" என்றார் லோலா, நாற்காலியிலிருந்து. மடிப்பைத் திருப்பிப் போட்டோம்.